ஒரே வாளி, நான்கு பெட்டி: 1998 ஜிப்சிக்குக் கியர் ஆயில் தேர்ந்தெடுத்த கதை

ஜனவரி, காலை ஆறரை மணி. நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் புல் மேலெல்லாம் உறைபனி. சித்தப்பா கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாருதி ஜிப்சியைக் கிளப்பினார், நான் பக்கத்து சீட்டில். முதல் கியரில் வண்டி நகர்ந்தது. இரண்டாவதுக்குத் தள்ளினால் லீவர் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், காலுக்கடியில் 'கர்ர்ர்' என்று பல்லோடு பல் உரசும் சத்தம். கிளட்சை விட்டு மறுபடி மிதித்து, இரண்டு விநாடி பொறுத்துப் போட்டால் விழுந்தது. குன்னூர் போய்ச் சேர்வதற்குள் சூடேறி ஓரளவு இளகியது, ஆனாலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் அந்த உரசல் இருந்தது. போதாததற்குப் பின்னாலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மெல்லிய ஊளை.

"நாலு மாசம் முன்னாடி வரைக்கும் இப்படி இல்லடா, ஆயில் மாத்தினதுக்கு அப்புறந்தான்" என்றார் சித்தப்பா. எனக்கு அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது. அன்று மாலையே பழைய பில்லைத் தேடி எடுத்தோம். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன ஒரு நாளில் கீழே ஒரு பட்டறையில் மாற்றியது. பில்லில் ஒரே வரி: கியர் ஆயில் 140, ஆறு லிட்டர். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியிலேயே பிரச்சனை இருக்கிறது என்று சித்தப்பாவுக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. அதை அப்படியே இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் பழைய ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கும் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம்.

சாதாரணக் காரில் கியர் ஆயில் என்றால் பெரும்பாலும் ஒரே பெட்டி. ஜிப்சியில் நான்கு. கியர் பாக்ஸ் ஒன்று. அதிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் போய்ச் சேரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி, முன் பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி அது. அப்புறம் இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், முன் ஆக்ஸிலில் ஒன்று, பின் ஆக்ஸிலில் ஒன்று. கொள்ளளவு கியர் பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8, முன் டிஃபரன்ஷியலுக்கு 2 லிட்டர், பின்னுக்கு 1.5. கூட்டினால் 5.6. பட்டறைக்காரர் ஆறு லிட்டர் வாளி ஒன்றை எடுத்து நான்கு பெட்டிக்கும் ஊற்றியிருக்கிறார். அளவு கச்சிதம். ஆயில்தான் தப்பு.

ஃபோர் வீல் போடவே இல்லையே, டிரான்ஸ்ஃபர் கேஸில் எது இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டூ வீல் டிரைவில் போனாலும் பின் சக்கரத்துக்குப் போகும் சக்தி அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதன் பல்லும் பேரிங்கும் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன.

இறக்கிப் பார்த்தது

ஊட்டியில் ஜீப் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்த காரியம், எந்த டிரெயின் பிளக்கையும் தொடாமல், மேலே இருக்கும் நிரப்பும் பிளக்குகள் நான்கும் கழல்கிறதா என்று பார்த்ததுதான். இதை எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆயிலை இறக்கிவிட்டு நிரப்பும் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எங்களுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக் அசையவில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் ஸ்பேனருக்குப் பின்னால் நீளமான பைப்பைச் செருகித் திருப்பியபோது 'டக்' என்று விட்டது.

பிறகு வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து இறக்கினோம். ஒவ்வொரு பெட்டி ஆயிலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வரிசையாக வைத்தோம். நான்கும் நான்கு விதமாகப் பேசின.

கியர் பாக்ஸ் ஆயில் கெட்டியாக, பச்சை கலந்த கறுப்பில் இருந்தது, தீக்குச்சி உரசியது போல் ஒரு கந்தக வாடை. எனக்கு அதில் வேறு எதுவும் தெரியவில்லை. "தம்பி, கலரைப் பாக்காதீங்க, ஒரு சொட்டு உள்ளங்கையில தேச்சு வெயில்ல காட்டுங்க" என்றார் அண்ணன். தேய்த்துக் காட்டினேன். கை ரேகைக்குள் ஜரிகைப் பொடி தூவியது போலப் பொன் நிறத்தில் மினுமினுத்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைப் பாலித்தீனில் சுற்றி அதே ஆயிலில் விட்டுக் கலக்கினார். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் இரும்புக் களிம்பு ஒட்டியது, அது எந்தக் கியர் பாக்ஸிலும் வரும். ஆனால் அந்தப் பொன் மினுக்கு காந்தத்தைச் சட்டையே செய்யவில்லை. அப்படியென்றால் பித்தளை. கியர் பாக்ஸுக்குள் பித்தளை என்றால் அது சிங்க்ரோ ரிங், கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் வளையம்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆயில் மட்டும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. பின் டிஃபரன்ஷியல் ஆயில் நல்ல கறுப்பு, காந்தத்தில் பஞ்சு போல மெல்லிய இரும்பு இழை. முன் டிஃபரன்ஷியலைத் திறந்தபோதுதான் எல்லோரும் குனிந்து பார்த்தோம். வந்தது ஆயிலே இல்லை, டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஒரு குழம்பு. தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் எப்படிப் போகும்? தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடை இருக்கிறது, மழைக்காலத்தில் சக்கரத்தின் பாதி வரை நனையும். ஓடிவந்த சூட்டில் ஆக்ஸிலுக்குள் இருக்கும் காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் அது சட்டென்று சுருங்கும், உள்ளே வெற்றிடம் போல ஆகும். அந்த நேரத்தில் காற்று உள்ளே வர ப்ரீதர் என்று ஒரு சின்னத் துவாரம் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா வண்டியில் அது சேற்றால் முழுக்க அடைபட்டிருந்தது. காற்று வர வழியில்லாவிட்டால் ஆக்ஸில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் இந்த ஐந்து பைசா துவாரத்தைப் பார்க்காவிட்டால் பிரயோஜனம் இல்லை.

140 என்ன செய்தது

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கியர் ஆயில் டின்னில் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று எண், 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140 என்பது போல. அது எஸ்ஏஇ தரம், கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. இன்னொன்று ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பது. அது ஏபிஐ வகை, ஆயிலுக்குள் என்ன மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது, எந்த வேலைக்கு என்பதைச் சொல்கிறது. நம் ஊரில் பேச்சு முழுக்க முதல் எண்ணைப் பற்றித்தான். '90 ஆயில் போடு', '140 ஆயில் போடு' என்பதோடு முடிந்துவிடும். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. ஈபி 90 என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஈபி என்றால் அதிக அழுத்தம் தாங்கும் மருந்து கலந்தது என்று மட்டும்தான் அர்த்தம், அது ஜிஎல்-4 ஆகவும் இருக்கலாம், ஜிஎல்-5 ஆகவும் இருக்கலாம். டின்னைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

ஜிஎல்-5 எதற்காக வந்தது? டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் ஹைப்பாய்டு அமைப்பு. அதாவது பினியனின் மையக்கோடு கிரவுன் வீலின் நட்டநடுவில் சேராமல் ஒதுங்கி இருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன் மேல் ஒன்று இழுத்துக்கொண்டு வழுக்கும். அந்த இடத்தில் அழுத்தம் அதிகமாகி ஆயில் படலம் கிழிந்துபோகும். அப்போது ஆயிலில் உள்ள கந்தகமும் பாஸ்பரஸும் சூட்டில் இரும்போடு வினை புரிந்து பல்லின் மேல் ஒரு மெல்லிய தோல் போலப் படிந்து, இரும்பும் இரும்பும் நேராக ஒட்டிக் கிழியாமல் காப்பாற்றும். ஜிஎல்-5 ஆயிலில் இந்த மருந்து நிறைய. ஜிஎல்-4 ஆயிலில் பொதுவாக அதில் பாதி அளவு.

அந்தக் கந்தக வாடையை வைத்துப் பார்த்தால் பட்டறையில் ஊற்றிய 140-உம் ஜிஎல்-5 ஆகத்தான் இருந்திருக்கும். டிஃபரன்ஷியலுக்கு அமிர்தமான அதே மருந்து கியர் பாக்ஸில் தொந்தரவு. காரணம் சிங்க்ரோ ரிங். அந்தப் பித்தளை ரிங்கின் வேலையே உரசுவதுதான். கியரின் கூம்பு முகத்தில் ரிங் உரசிப் பிடித்து, இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கிய பிறகுதான் பல்லுக்குள் பல் நுழையும். இந்த மருந்தால் அங்கே வழுக்கல் கூடினால் ரிங் பிடிக்காமல் நழுவும், வேகம் சமமாவதற்கு முன்பே பல் முட்டும். சித்தப்பா கேட்ட 'கர்ர்ர்' அதுதான்.

ஜிஎல்-5 பித்தளையை அரித்துவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். அது முழுப் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. சூட்டில் கந்தகம் செம்பு கலந்த உலோகங்களைத் தாக்கும், அதற்காகவே செம்புத் தகட்டை ஆயிலில் ஊறவைத்துச் சூடாக்கி, நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் டி130 என்று ஒரு சோதனை இருக்கிறது. 1ஏ என்றால் தகடு கிட்டத்தட்டப் புதுசு போல, 4சி என்றால் கன்னங்கரேல். இன்றைய நல்ல ஜிஎல்-5 ஆயில்களில் பல இதில் நன்றாகவே தேறுகின்றன. அதனால் நான்கே மாதத்தில் சித்தப்பாவின் ரிங்கை ஆயில் அரித்துத் தின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அரிப்பு என்றால் பித்தளை கறுக்கும், கரையும். உள்ளங்கையில் மினுமினுத்தது தேய்ந்து உதிர்ந்த துகள். ரிங் பிடிக்காமல் ஒவ்வொரு முறையும் வழுக்கி உரசியதால் வந்தது. அந்தச் செம்புத் தகட்டுச் சோதனை வழுக்கலைப் பற்றி எதுவும் சொல்லாது, இதுதான் முக்கியம். 'எங்கள் ஜிஎல்-5 பித்தளைக்குப் பாதுகாப்பானது' என்று எழுதியிருந்தால் அதை நம்பலாம், ஆனால் சிங்க்ரோவுக்கு ஏற்றது என்று அதற்குப் பொருளாகாது.

இன்னொரு காரணம் கெட்டித்தன்மை, என் கணக்கில் காலை நேரத் தொல்லைக்கு முக்கியக் காரணமே இதுதான். சிங்க்ரோ ரிங்கின் உட்புறத்தில் கிராமபோன் தட்டு போல மெல்லிய வரிகள் இருக்கும். கூம்பின் மேல் உள்ள ஆயிலை வழித்து ஒதுக்குவது அந்த வரிகளின் வேலை. ஆயில் ஒதுங்கினால்தான் ரிங் பிடிக்கும். 85டபிள்யூ-140 ஆயில் 40 டிகிரியில் பொதுவாக 350 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு, எண் கூடினால் கெட்டி) பக்கம் இருக்கும், 80டபிள்யூ-90 அதில் பாதிக்கும் குறைவு. அதுவே உறைபனி விழும் காலையில், வண்டி வெளியே நின்றிருக்கும்போது எப்படியிருக்கும் என்று பாருங்கள், அசல் பாகு. தேய்ந்த வரிகளால் அதை வழிக்கவே முடியாது.

பழைய வண்டி, கெட்டியா ஊத்தினா சத்தம் அடங்கும் என்ற அந்தப் பட்டறை நியாயம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சமவெளியில், நல்ல வெயிலில், பாரம் ஏற்றிப் போகும் பழைய லாரி ஆக்ஸிலில் 140 நியாயமான ஆயில், பல வண்டிகளுக்குக் கம்பெனியே அதைத்தான் சொல்லியிருக்கும். சத்தமும் கொஞ்சம் அடங்கும். ஆனால் சத்தம் அடங்குவதும் தேய்மானம் நிற்பதும் ஒன்றல்ல. மேட்டுப்பாளையத்து வெயிலுக்குச் சரியான யோசனையை நீலகிரிக் குளிருக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

என்ன ஊற்றுவது

வண்டியோடு வந்த கையேட்டை சித்தப்பா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜிஎல்-4, டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் ஹைப்பாய்டு ஜிஎல்-5. கேள்விக்கே இடமில்லாத பதில் போலத் தெரியும். ஆனால் கடையில் போய் நின்றால் வகை வகையாக வைத்திருக்கிறார்கள், அங்கேதான் தலை சுற்றும்.

'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று இரண்டையும் ஒன்றாகப் போட்ட டின் ஒன்று இருந்தது. கடைக்காரர் அதையே எடுத்துக் கொடுத்தார், நாலுக்கும் ஒண்ணே ஊத்திடலாம் சார் என்று. நான் வாங்கவில்லை. ஜிஎல்-5 அளவு மருந்து இருப்பதால் ஜிஎல்-4 கேட்கும் அழுத்தத்தையும் தாங்கும் என்ற பொருளில் அப்படிப் போடுபவர்கள் இருக்கிறார்கள், சிங்க்ரோவுக்கு அது ஆகாது. சில நல்ல தயாரிப்புகளில் சிங்க்ரோவுக்கும் சோதித்துத்தான் போடுகிறார்கள். அந்தத் தயாரிப்பின் தகவல் தாளில் சிங்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். எம்டி-1 என்று இன்னொரு எழுத்து சில டின்களில் இருக்கும், அது சிங்க்ரோவே இல்லாத கனரக லாரி கியர் பாக்ஸுக்கானது, நமக்குச் சம்பந்தமில்லை.

அடுத்தது 75டபிள்யூ-90 சிந்தெடிக் ஜிஎல்-4. காலைக் குளிருக்கு இதுதான் மிகவும் இளகலாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரி வரை சோதித்த தரம், 80டபிள்யூ மைனஸ் 26 வரை, 85டபிள்யூ மைனஸ் 12 வரை. ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் எவ்வளவு உறைபனி விழுந்தாலும் மைனஸ் 26 ஆகப்போவதில்லை. லடாக்கில் ஓட்டுபவர் என்றால் நானே 75டபிள்யூ வாங்கச் சொல்லுவேன். சித்தப்பா வண்டியில் சீல்கள் எல்லாம் பழசு, ஏற்கெனவே லேசாகக் கசிகிறது, விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதலில் சாதாரண 80டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றிப் பார்ப்போம், போதாவிட்டால் அதற்குப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒரு பழைய விவரம் உதவியது. பழைய கையேட்டில் 'எஸ்ஏஇ 90' என்று போட்டிருந்தால், அன்றைய 90-க்கு வரம்பு மிக அகலம். 100 டிகிரியில் 13.5 முதல் 24 சென்டிஸ்டோக் வரை எது இருந்தாலும் 90 என்று விற்கலாம். 2005-இல் அந்தத் தரத்தைத் திருத்தி, 13.5 முதல் 18.5 வரை 90 என்றும், அதற்கு மேல் 24 வரை 110 என்றும் பிரித்தார்கள். அதனால் 'இப்போ வர்ற 90 முன்ன மாதிரி கெட்டியா இல்ல' என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது பிரமை இல்லை. அதற்காக ஒரேயடியாக 140-க்குத் தாவவும் வேண்டாம். இன்னொன்று, 90 என்பதைப் பார்த்துவிட்டு எஞ்சின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் தனித்தனி அளவுகோல். 90 கியர் ஆயில், எஞ்சின் ஆயில் கணக்கில் 40-க்கும் 50-க்கும் பக்கத்தில்தான் வரும்.

டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5. பின்னால் ஊளை இருப்பதால் அதற்கு மட்டும் 140 வைத்துக்கொள்ளலாமா என்று சித்தப்பா கேட்டார். அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளை, காலை எடுத்தால் இல்லை, பினியன் பல் ஒரு பக்கம் தேய்ந்ததன் அறிகுறி, எந்த ஆயிலும் பல்லை வளர்க்காது என்றார். வேண்டாம் என்று விட்டோம்.

இதன் தலைகீழ்த் தப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. ஜிஎல்-4தான் நல்லது என்று இதைப் படித்துவிட்டு நான்கு பெட்டிக்கும் ஜிஎல்-4 ஊற்றினால் அது இதைவிட மோசம். கியர் பாக்ஸில் ஜிஎல்-5 போனால் கியர் முரண்டு பிடிக்கும், உங்களுக்கு உடனே தெரியும். ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 போனால் ஒரு சத்தமும் காட்டாமல் பல் தேய்ந்துகொண்டே போகும், தெரியும்போது கிரவுன் பினியன் செட்டே மாற்ற வேண்டியிருக்கும்.

ஜிப்சிக்குச் சொன்னதை அப்படியே வேறு வண்டிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் வந்த எல்டி77 கியர் பாக்ஸுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் அந்தச் சிவப்புத் திரவம்தான் கம்பெனி சொன்னது. அதில் பழக்கதோஷத்தில் 90 ஆயில் ஊற்றினால் குளிரில் இதே கதைதான் நடக்கும். ராணுவ ஜீப் வகை வண்டிகளின் பழைய கையேடுகளில் ஜிஎல் எண்ணே இருக்காது, எம்ஐஎல்-எல்-2105 என்ற அமெரிக்க ராணுவத் தர எண் இருக்கும். பின்னால் எழுத்து ஏதும் இல்லாவிட்டால் அது ஜிஎல்-4 அளவு, 2105பி முதல் ஜிஎல்-5 அளவு. டிஃபரன்ஷியலில் லிமிடெட் ஸ்லிப் கிளட்ச் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) உள்ள வண்டியென்றால் அதற்கான ஆயில் தனி, அதையும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

ஊற்றிய பிறகு

கியர் பாக்ஸின் மூலை முடுக்கில் ஒட்டியிருக்கும் பழைய 140-ஐ வெளியேற்ற மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம், பேரிங்கில் தங்கிவிடும், புது ஆயிலையும் கெடுக்கும். முதல் முறை ஊற்றிய ஜிஎல்-4 ஆயிலையே கழுவும் ஆயிலாக வைத்து 200 கிலோமீட்டர் ஓட்டி இறக்கிவிட்டு, மறுபடி புதிதாக ஊற்றினோம். 1.3 லிட்டர்தானே, செலவு தாங்கும். முன் டிஃபரன்ஷியலும் அப்படித்தான். முதல் முறை இறக்கியதில் இன்னும் லேசாக மங்கல் இருந்தது, இரண்டாவது முறை தெளிந்த நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தது. ப்ரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டினார் அண்ணன்.

முன் சக்கரங்களைத் தூக்கியிருந்ததால், ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரத்தோடு திரும்பும் ஆக்ஸில் முனையான நக்கிளையும் திறந்து பார்த்தோம். இடது பக்கம் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சி மாதிரி ஓடியது. உள் சீல் தேய்ந்து டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. டயரின் உட்பக்கம் ஆயில் தெறித்திருந்ததை பிரேக் ஆயில் கசிவு என்று நினைத்து இரண்டு வருடமாக பிரேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. சீல் மாற்றி, பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புது கிரீஸ் வைத்தாயிற்று.

முதல் காலை, அதே ஆறரை மணி, அதே உறைபனி. நான் பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பாவின் கையைத்தான் பார்த்தேன். ஒன்றிலிருந்து இரண்டு, லீவர் ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே போனது. சத்தமில்லை. சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி நியூட்ரலுக்கு எடுத்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

ஆனால் முழுக்கச் சரியாகிவிடவில்லை. குளிரில் மேல் கியருக்குப் போவது சரியானது. சூடான பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இறக்கினால் பத்துக்கு இரண்டு முறை உரசியது. 140 ஊற்றியிருந்தபோது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் உரசும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரை நம்பித்தான் இறங்க வேண்டும், அங்கே பத்துக்கு இரண்டு என்பதே அதிகம். மேலும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு மழைக்கு முன்னால் கியர் பாக்ஸை இறக்கினோம். இரண்டாவது கியரின் ரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கிராமபோன் வரிகள் என்று சொன்னேனே, நகத்தால் சுரண்டினால் நெருட வேண்டும். இது மோதிரத்தின் உட்புறம் போல வழவழவென்று இருந்தது. கியர் கூம்பின் மேல் வைத்து அழுத்தினால் ரிங்குக்கும் கியருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூடக் கஷ்டப்பட்டுத்தான் நுழைந்தது. பக்கத்தில் மூன்றாவது கியர் ரிங், அதே வயதுதான், வரிகள் இன்னும் கூர்மையாக இருந்தன.

இவ்வளவு தேய்மானம் நான்கு மாதத்தில் வந்ததில்லை. மலைப்பாதையில் இத்தனை வருடம் இரண்டாவது கியரிலேயே ஓடிய வண்டி அது. ரிங் ஏற்கெனவே கடைசிக் காலத்தில் இருந்திருக்கும், சரியான ஆயிலில் சமாளித்துக்கொண்டு ஓடியிருக்கும், 140 ஜிஎல்-5 வந்ததும் அந்த மிச்சத் தெம்பும் போய்விட்டது. பட்டறைக்காரர் மேல் முழுப் பழியையும் போட்டால் நியாயமாகாது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் அவ்வளவாகச் சம்மதமில்லை.

புது ரிங் போட்டு, அதே 80டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றி மூடியாயிற்று. 75டபிள்யூ-90-க்குப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. பின் ஊளை அப்படியேதான் இருக்கிறது, அதற்குப் பினியன் வேலை பார்க்க வேண்டும், இந்த வருடக் கேரட் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்கிறார். ஆயில் மாற்றக் கொடுக்கும் இடத்தில் யாரும் மறுபடி ஒரே வாளியிலிருந்து ஊற்றிவிடக் கூடாது என்று, கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்குகளுக்குப் பச்சை பெயிண்டும் டிஃபரன்ஷியல் பிளக்குகளுக்குச் சிவப்பு பெயிண்டும் அடித்து, எந்த நிறத்துக்கு எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்தத் தேதியில் மாற்றியது, அப்போது மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதை ஓர் அட்டையில் எழுதி டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். அடுத்த முறை இறக்கும்போது உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசி வரியில் சித்தப்பாவே எழுதிவைத்திருக்கிறார்.